பார்ப்போம் என்றால் முளைக்கும் தோட்டம்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு மேற்கே எந்த வீட்டுக் கொடியிலும் துணி காயாது, எந்த வீட்டு முற்றத்திலும் புல் அடங்காது. அந்த ஆனி மாதத்தில், இலஞ்சி போகிற சாலையில் இருக்கும் சாரல் நகரில், ஆவுடைநாயகத்தின் தோட்டம் மட்டும் புல்லோடு நிற்காமல் அதற்கு மேலும் வளரத் தொடங்கியது. அவர் புல்வெட்டும் மிஷின் வாங்கக் கடைக்குப் போய் வாங்காமல் திரும்பிய நாளில்தான் அது நடந்தது என்பதை நகரில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்; முதலில் முளைத்தது பூசணியா பீர்க்கனா என்பதில்தான் இன்னும் சண்டை.

மிஷின் வேண்டும் என்று சொன்னது அவர் மனைவி குழல்வாய்மொழி. அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து முட்டை அவித்துப் போடுகிற வேலை அவளுக்கு. அன்று காலை படியிறங்கி கேட்டை நோக்கிப் போனவளின் காலடியில் ஒரு சாரைப்பாம்பு, வரி கட்டி முடித்த மனுசனைப் போல அவசரமே இல்லாமல் குறுக்கே போனது. அவள் கத்தவில்லை. அது போய் முடிகிறவரை நின்றுவிட்டு, திரும்பி வாசலில் நின்ற கணவரைப் பார்த்து, "இன்னைக்கு அந்த மிஷினை வாங்கிட்டு வந்துருங்க. எது வாங்கினாலும் சரி, வாங்கிருங்க" என்றாள்.

எது வாங்கினாலும் சரி என்பதுதான் ஆவுடைநாயகத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத வாக்கியம். ஐம்பத்தாறு வயதில் அவர் தனக்கென்று எதையும் தேர்ந்தெடுத்தவர் இல்லை. தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது விருப்பமா இல்லையா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே பிரிவில் மற்ற எல்லோரும் எழுந்து போய்விட்டதால், தனியாக இருந்து விளக்கை அணைக்க வேண்டாமே என்று அவரும் எழுந்து வந்தவர். மகள் பிறந்தபோது எந்தப் பெயர் என்று முடிவாகாமல் பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை அவள் பாப்பாவாகவே இருந்தாள். தலைமையாசிரியர் வைத்த பெயரோடு இன்று ஓசூரில் வேலை பார்க்கிறாள். கேட்டை ஒட்டி ஒரு கார் கொட்டகை கட்டியிருக்கிறார். எந்தக் கார் என்பது பாக்கி.

ஆனால் பிறருக்கு என்றால் அந்த மனிதரே வேறு. சாரல் நகரில் ஒரு வழக்கம் இருந்தது: மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மூக்குக்கண்ணாடி, மாப்பிள்ளை, எது வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஆவுடைநாயகத்திடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர் எதிரே இருப்பவரின் வீட்டையும் கையையும் பழக்கத்தையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, "அதை வாங்காதிய, இதை வாங்குங்க" என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பினதே இல்லை. தனக்கு என்று வரும்போது மட்டும் எதிரே ஆளைக் காணோம்.

கருவிக்கடை தளவாய் அவரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான்."

தளவாய் முகத்தில் இருந்த வியாபாரம் கொஞ்சம் அணைந்தது. இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. நீளமான ஒரு மிஷினை எடுத்து மேசைமேல் குழந்தையைப் போலக் கிடத்தினான்.

"இது ஒரு மிஷின் இல்ல அண்ணாச்சி, நாலு மிஷின். மோட்டார் ஒண்ணு, தண்டு ஒண்ணு, தலை நாலு. புல்லுக்கு நைலான் நரம்பு சுத்துற தலை. வேலி நறுக்கச் சீப்பு மாதிரி பல்லு வச்ச தலை. கொப்பு அறுக்க வாள் வச்ச தலை. மண்ணைக் கிளற நகம் வச்ச தலை. கழத்திக் கழத்தி மாட்டிக்கலாம். ராவணனுக்கே பத்துதான். நமக்கு நாலு போதாதா?"

"பெட்ரோலா?"

"பெட்ரோல்லயும் இருக்கு, பேட்டரியிலயும் இருக்கு. பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துறதும் இருக்கு, கலக்காம ஊத்துறதும் இருக்கு. தோள்ல மாட்டுறதும் இருக்கு, முதுகுல சுமக்கிறதும் இருக்கு."

இருக்கு இருக்கு என்று தளவாய் சொல்லச் சொல்ல ஆவுடைநாயகத்துக்குள் வழக்கமான அந்தப் பழைய தராசு ஆடத் தொடங்கியது. பெட்ரோலில் பலம் உண்டு, சத்தமும் உண்டு. பேட்டரியில் சத்தம் இல்லை, பாதி வேலையில் நின்றுபோனால் என்ன செய்வது. முதுகில் சுமந்தால் தோள் தப்பிக்கும், முதுகு என்ன பாவம் செய்தது. ஒரு தட்டு இறங்குவதற்குள் மறு தட்டில் எதையாவது தூக்கி வைக்கிற கை அவருடையதுதான், அது அவருக்கே தெரியும். தான் நியாயமானவனா, வெறும் பயந்தாங்கொள்ளியா என்று அந்த இடத்தில் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கம் இருந்தது.

"பார்ப்போம் தளவாய்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது படிக்கட்டின் இடதுபுறம் ஒரு பூசணிக்கொடி, வலதுபுறம் ஒரு பீர்க்கங்கொடி. காலையில் அங்கே இரண்டும் இல்லை. பூசணியில் காயே பிடித்திருந்தது. குழல்வாய்மொழி வெளியே வந்து முதலில் அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள், பிறகு பூசணிக்காயைப் பார்த்தாள், அரிவாள்மணையை எடுக்கப் போனாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஜெபமணி டீச்சர். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, சாரல் நகர் குடியிருப்போர் சங்கத்துத் தலைவி, ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். வேலி ஓரம் நின்று ஆவுடைநாயகத்திடம், "மிஷின் வாங்கிட்டீங்களா சார்? பெட்ரோலா பேட்டரியா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "ரெண்டுலயும் ஒரு நல்லது இருக்கு டீச்சர், பார்ப்போம்" என்று இவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இருவருக்கும் நடுவில் ஒரு முருங்கை கிளம்பி, டீச்சரின் மூக்குக்கண்ணாடியை இலையால் துடைத்துக்கொண்டு மேலே போனது.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். "காபி குடிக்கிறீங்களா, டீயா?"

"எதுனாலும்..."

ஒரு மிளகாய்ச்செடி. சின்னது. இரண்டு மிளகாய்.

"ம்" என்றார் டீச்சர். "சின்னச் சந்தேகத்துக்குச் சின்னச் செடி. சார், அந்த முருங்கையில நாலு காய் பறிச்சுக்கிடலாமா, கூடாதா?"

"அது... உங்க இஷ்டம்" என்றார் இவர். காலடியில் கருவேப்பிலை.

அன்றைக்கு ஜெபமணி டீச்சர் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார், கருவேப்பிலை தாளித்தது. இரண்டு தெரு தாண்டியும் மணத்தது.

அதற்குப் பிறகு சாரல் நகருக்கு அது பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதிசயம் என்று யாரும் வாயில் விரல் வைக்கவில்லை. பையைத்தான் எடுத்து வந்தார்கள். மாலையானால் கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம், கையில் கூடையும் வாயில் கேள்வியுமாக. எந்தக் கேள்விக்கு எது முளைக்கும் என்பதைச் சங்கத்துப் பெண்கள் சமையல் குறிப்பு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். கூட்டு வைக்க வேண்டும் என்றால் தோளா முதுகா என்று கேட்க வேண்டும், சுரைக்காய் வரும். கீரை வேண்டுமானால் ஆயில் கலப்பதா வேண்டாமா என்று கேட்டால் போதும், தண்டுக்கீரை பாத்தி பாத்தியாக வரும். பிள்ளையார் கோயில் குருக்கள் வாராவாரம் கேட்டருகே வந்து, "நரம்பா பிளேடா ஸ்வாமி?" என்று பயபக்தியோடு கேட்டு ஒரு கட்டு அருகம்புல் வாங்கிப்போனார். ஆட்டோ ஓட்டுகிற மைதீன்பிச்சை குடும்பத்தில் கல்யாணம் என்றபோது வாசலில் கட்ட இரண்டு வாழைமரம், குலை தள்ளியதாக, வேண்டியிருந்தது. அவன் நேரில் வரக்கூட இல்லை, ஸ்டாண்டில் நின்றபடியே போனைப் போட்டு, "அண்ணாச்சி, நாலு தலையையும் சேர்த்து வாங்குறது லாபமா, தனித்தனியா வாங்குறது லாபமா?" என்று கேட்டான். நேர்த்தியான கேள்வி. வாழை மட்டுமல்ல, ஆட்டுக்கு அகத்தியும் கிடைத்தது. போனில் கேட்டாலும் முளைக்கும் என்பது அப்படித்தான் தெரிந்தது.

சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம்கூடப் போட்டார்கள்: ஆவுடைநாயகம் சாருக்கு முடிவெடுக்க யாரும் உதவி செய்யக் கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். ஆதரவா எதிர்ப்பா என்று அவரைக் கேட்டபோது சங்கக் கட்டடத்து மூலையில் பாகற்கொடி ஏறியது.

அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகத் தன் குறை என்று நினைத்து வந்த ஒன்று இப்படிக் காய்த்துத் தொங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் தனியாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போது, ஊருக்கெல்லாம் சாம்பாருக்குப் போகும் இந்தக் காய் உண்மையில் என்ன காய், தன்னுடைய எந்தப் பள்ளத்தில் இது வேர்விட்டிருக்கிறது என்று நினைத்து நினைத்து அவர் கசந்துபோவார். அப்படி நினைத்த இடத்தில் வேப்பங்கன்று முளைத்தது. அதை யாரும் கேட்டு வரவில்லை.

குழல்வாய்மொழிக்குத்தான் சங்கடம். வெளியிலிருந்து பார்த்தால் அது அதே எட்டு சென்ட் மனைதான், மதிலும் இருந்த இடத்தில்தான் இருந்தது; உள்ளேதான் வாசலுக்கும் கேட்டுக்கும் இடையில் வழி நீண்டுகொண்டே போனது. முதலில் இருபது எட்டு வைத்துப் போனவள் பிறகு ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பினாள், பிறகு கால்மணி முன்னால், பிறகு தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு. வழியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட ஒரு நாவல்மரம் வசதியாக இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து கேட்டைத் திறந்து வீட்டை நோக்கி நடந்து, மறுநாள் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். படியில் கால் வைக்காமல் அப்படியே நின்று, "ஏங்க, காபி இருக்கா?" என்று கேட்டு, நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் கேட்டை ஒட்டிய கார் கொட்டகையில் தங்கிக்கொண்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. மைதீன்பிச்சை ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் கொண்டுவந்து கொடுத்தான். அவரோடு போனில் பேசிக்கொண்டாள். ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் வீட்டுக் காய்தான் சாப்பாடு, அவர்கள் இருவரும் மட்டும் தனித்தனி அடுப்பில்.

ஒருநாள் மாலை அவள் போன் வந்தது.

"அம்பாசமுத்திரத்துல அக்கா கூப்பிடுதா. மாடி சும்மாத்தான் கெடக்காம். அங்கயே மாத்தல் வாங்கிட்டு வந்துருன்னு சொல்லுதா."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, போகட்டுமா?"

இதைத்தான் அவர் பிற்பாடு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். அவள் குரலில் ஒரு காத்திருப்பு இருந்தது. அது அவருக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை. ஆனால் வாய் பழக்கப்பட்ட வழியில் போயிற்று.

"உன் இஷ்டம் மொழி" என்றார்.

அவள் போனை வைத்தாள். பிறகு தரை அதிர்ந்தது. இதுவரை முளைத்ததெல்லாம் காய், கீரை, கொடி, வாசல் வாழை. இப்போது அவர் ஜன்னலுக்கு வெளியே கிளம்பியது மூங்கில், மூங்கில் என்றால் ஒரு புதர் அல்ல, மலையிலிருந்து இறங்கி வந்த படைபோல வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வானத்தை மூடி, நடுவில் ஓர் ஓடையும் விட்டுக்கொண்டு. ஒரு மயில் அகவியது. கேட் இருந்த திசை எது என்று தெரியவில்லை. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மூங்கிலில் கூடை பின்னலாம் என்று மறுநாளே பேச்சு.

தன் மனைவியை எதற்கும் வற்புறுத்தாதவன் என்பதில் ஆவுடைநாயகத்துக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அடுத்த வீட்டு ஆண்கள் போல அதிகாரம் பண்ணியதில்லை, சேலை நிறத்திலிருந்து சம்பளம் வரை எல்லாமே அவள் இஷ்டம். அந்த மூங்கிலுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் முதல்முறையாக அந்தப் பெருமையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உன் இஷ்டம் என்று இத்தனை வருஷம் சொன்னது அவளுக்குக் கொடுத்த இடமா, அல்லது தன் பங்குச் சுமையையும் அவள் தலையில் வைத்துவிட்டு, நல்லவன் என்ற பெயரோடு கையை வீசி நடந்ததா? அவள் எப்போதாவது இவருடைய இஷ்டம் என்ன என்று அறிந்திருப்பாளா? அப்படி ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது எந்தச் செடிக்கு அடியில் கிடக்கிறது? இதற்குக்கூட அவர் பதில் தேடுவதற்குள் ஓடையில் தாமரை வந்துவிட்டது.

மறுநாள் காலை மறுபடியும் அவள் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தார்.

"வணக்கம் அண்ணாச்சி" என்றது குரல்.

அவருக்குப் புரியவில்லை. "யாரு... மொழியா?"

"நான் இங்க சாரல் நகர்ல, ஒரு கார் ஷெட்ல குடியிருக்கேன் அண்ணாச்சி. ஒரு சாமான் வாங்கணும்னா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஊர்ல சொன்னாவ. தோட்ட வேலைக்கு ஒரு மிஷின் வேணும். நாலு தலை மாத்துறது. எது வாங்கலாம்?"

அவர் சிரிக்கவா வேண்டாமா என்று நினைப்பதற்குள், முப்பது வருஷப் பழக்கம் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. எதிரே ஆள் வந்துவிட்டது.

"தோட்டம் எப்படி?" என்றார், கடைத்தெருக் குரலில்.

"காடு மாதிரி கெடக்கு. கவனிக்க ஆள் இல்ல."

"வேலை யாரு பாக்கிறது? ஆள் வச்சா, நீங்களேவா?"

"நான்தான். வீட்டுக்காரர் இருக்காவ. யோசிச்சிட்டு இருக்காவ."

"சரி, சரி. உங்க உயரம்?"

"எங்க வீட்டுக்காரவ காதளவு."

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். "தோள் எப்படி? மிஷின் பாரம் பூராவும் தோள்லதான் எறங்கும்."

"இடது தோள் தூக்க முடியாது அண்ணாச்சி. பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டது. ரெண்டு வருசமா இருக்கு."

"ரெண்டு வருசமாவா?" அவர் குரலில் கடைத்தெரு போய்விட்டது. "வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"கேட்டாத்தானே."

மூங்கிலில் காற்று போய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருடைய முழங்காலும் முதுகும் கண்பார்வையும் அவருக்குத் தெரியும். தெரிந்துதானே யோசனை சொன்னார்.

"அப்ப கேளுங்க" என்றார். "பெட்ரோல் வேண்டாம். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண அந்தத் தோள் தாங்காது. பேட்டரிதான். பேட்டரி ரெண்டு வாங்கிடுங்க, ஒண்ணு ஓடும்போது ஒண்ணு சார்ஜ் ஏறட்டும். ஒத்தை வார் வேண்டாம், ரெண்டு தோளுக்கும் இடுப்புக்கும் சேத்து மாட்டுற வார் கேளுங்க, பாரம் இடுப்புல எறங்கும். முதல்ல நரம்புத் தலையால புல்லைத் தள்ளுங்க, பெறகு சீப்பு, கடைசியில வாள். மூங்கிலை அடியில அறுக்காம முட்டளவுல அறுங்க, சாயும்போது மேல விழாது. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ். நகம் வச்ச தலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம், கிளறினா இன்னும்தான் முளைக்கும்."

ஒரே மூச்சு. சுற்றிலும் பார்த்தார். ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

"நல்லது அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்க நல்லா இருக்கணும்."

செய்தி மைதீன்பிச்சை ஆட்டோவைவிட வேகமாகப் பரவியது. அவன் தளவாய் கடையிலிருந்து மிஷினை ஏற்றி வந்து இறக்கும்போது கேட்டருகே சங்கமே கூடியிருந்தது.

"நீயே கொண்டாந்து குடுக்கியே, ஒன் ஆட்டுக்கு அகத்திக்கு எங்கடா போவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆடு பட்டினி கெடக்கட்டும். மதினி எத்தனை நாளைக்கு ஷெட்ல கெடப்பாவ?" என்றான் அவன்.

ஜெபமணி டீச்சர் முன்னால் வந்தார். "மொழி, ஒரு பத்து நாள் பொறுக்கக் கூடாதா? என் மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகை சாதத்துக்குக் காய் வேணும்."

"டீச்சர், ஏழு வகையும் நானே வந்து சமைச்சுத் தாரேன். இப்ப நகருங்க" என்று சொல்லிவிட்டு வாரை இடுப்பில் மாட்டிக்கொண்டாள் குழல்வாய்மொழி. அங்கன்வாடியில் அவள் குரல் உயர்ந்தால் முப்பது குழந்தைகள் வரிசையில் நிற்கும். சங்கமும் நின்றது.

ஆனால் டீச்சர் விஞ்ஞானம் படித்தவர். ஓரமாகப் போய் ஆவுடைநாயகத்துக்குப் போனைப் போட்டார். "சார், பேட்டரி பாதியில நின்னுறாதா?"

"நிக்காது டீச்சர்."

"மூங்கிலுக்கு அந்த வாள் பத்துமா?"

"பத்தும்."

டீச்சருக்கு வளைகாப்பு முக்கியம். "அது சரி சார். மொழி இப்படி எல்லாத்தையும் வெட்டிக்கிட்டு வாரது, உங்களுக்குச் சம்மதமா? உங்களுக்கு?"

உங்களுக்கு என்ற அந்தச் சொல் பட்டதும் தராசு ஆடியது. அவர் "அது..." என்று இழுத்தார். இழுத்த அளவுக்கு, வெட்டிக்கொண்டு பாதிவழி வந்துவிட்டிருந்த குழல்வாய்மொழியின் முன்னால் ஒரு பலாமரம் எழுந்து, காயோடு குறுக்கே நின்றது. தொலைவில் மிஷின் சத்தம் தடுக்கி, நின்றது. "யாரு அது!" என்று அவள் கத்துவது கேட்டது.

ஆவுடைநாயகம் கையிலிருந்த போனைப் பார்த்தார். டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், சம்மதமா என்பதிலிருந்து சந்தோஷமா என்பதற்கு வந்திருந்தார். அவர் போனை அணைத்தார். அணைக்கலாமா என்று யோசிக்கவில்லை. அணைத்த பிறகுதான் அணைத்துவிட்டது தெரிந்தது. அவருக்கே அது வேறு யாரோ ஒருவரின் விரல் போல இருந்தது.

பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மிஷின் மறுபடி கிளம்பியது. புல்லில் அது ரீங்காரம் போட்டது, வேலியில் கடகடத்தது, மரத்தில் அழுதது. தலை மாற்றுகிற இடைவெளியில் அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்பதுபோல இருந்தது. வழியில் வெட்டுப்பட்ட சுரையும் பீர்க்கனும் சங்கத்துக்காரர்கள் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொண்டார்கள், நஷ்டம் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டே. மூங்கில்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. அவர் ஜன்னலில் வெளிச்சம் கோடு கோடாக வந்தது, பிறகு மொத்தமாக வந்தது.

கடைசி மூங்கிலைத் தள்ளிக்கொண்டு அவள் வந்து நின்றாள். காலில் பூட்ஸ், கண்ணில் கண்ணாடி, தலைமுடியில் மூங்கில் தூள், முகம் முழுக்கப் புல் சாறு. அவள் பின்னால், திறந்த கேட் இருபது எட்டு தூரத்தில் தெரிந்தது. பின்னால் வந்த கூட்டம் காய்ப்பைகளோடு மரியாதையான தூரத்தில் நின்றது.

அவள் மிஷினை அணைக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தாள்.

"அண்ணாச்சிகிட்ட கேட்டது முடிஞ்சு போச்சு" என்றாள். "இது உங்ககிட்ட. அக்கா இன்னைக்கு போன் பண்ணுவா. என்ன சொல்ல?"

அவர் வாயைத் திறந்தார். "உன்" என்று வந்தது. இருவருக்கும் நடுவில் படிக்கல் விரிந்து, உள்ளே இருந்து ஒரு தளிர் தலையை நீட்டியது. பச்சை, பருமன், ஆலோ அரசோ, ஆனால் பெரிதாக வரப்போகிற ஏதோ ஒன்று. அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விசையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். வெட்ட வேண்டியவள் தான் அல்ல என்பதுபோல மிஷினைத் தாழ்த்தியே பிடித்திருந்தாள்.

அவர் காலை எடுத்து அந்தத் தளிரின்மேல் வைத்தார். வெறுங்காலுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது, கீழிருந்து பலமாகத் தள்ளியது.

"போகாத" என்றார்.

சின்னச் சத்தம்தான். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"ஏன்?"

அவள் இதோடு விடுவாள் என்று அவர் நினைத்திருந்தார். விடவில்லை. ஏன் என்பதற்கு நூறு பக்கம் இருந்தது, நியாயங்கள் இருந்தன, அக்கா வீட்டு மாடியின் காற்றோட்டம்கூட அவர் நினைவுக்கு வந்தது. அவர் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே சொன்னார்:

"எனக்கு நீ இங்க இருக்கணும். எனக்கு வேணும்."

பாதத்துக்கு அடியில் தள்ளியது நின்றது. அவள் மிஷினை அணைத்தாள். அந்த மௌனத்தில், "போச்சு" என்று ஜெபமணி டீச்சர் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இதை எங்க வைக்க?" என்று கேட்டாள், மிஷினைக் கழற்றி.

"கதவுக்குப் பின்னால. பேட்டரியைக் கழத்திரு. தோளைக் காட்டு, நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். காலையில. எட்டு மணிக்கு." சொல்லிவிட்டு ருசி கண்டவர் போல, "இன்னைக்கு எனக்கு ரசம் வேணும்" என்றார்.

"வேணும்னா வைங்க" என்று படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள் அவள்.

கூட்டம் கலைந்தது. சாரல் நகரில் அதற்குப் பிறகு பலபேர் தங்கள் தங்கள் தோட்டத்தில் நின்று ஃபேனா ஏசியா, வெள்ளையா மஞ்சளா என்று உரக்கச் சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள், ஒரு கடுகும் முளைக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பழையபடி சந்தைக்குப் போகத் தொடங்கினார்கள். வளைகாப்புக்கு ஏழு வகை சாதமும் நடந்தது.

ஆவுடைநாயகம் அடுப்படிக்குப் போனார். புளியைக் கரைத்தார், தக்காளியைப் பிசைந்தார், அம்மியருகே மிளகையும் சீரகத்தையும் எடுத்து வைத்து, எது தூக்கலாக இருக்கலாம் என்று ஒரு கணம், ஒரே கணம், கையை நிறுத்தினார். அடுப்புத் திண்டின் ஓரத்தில் சட்டென்று ஒரு பச்சை.

"என்ன முளைச்சுது?" என்று படியிலிருந்து குரல் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "கொத்தமல்லி."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அது இருக்கட்டும்" என்றாள்.